அணையாத தீக்குச்சி

"பொட்டலத்தைப் பிரிச்சு வெந்நீர்ல கொட்டிட்டு, பீர் காய்ச்சினேன்னு சொன்னா மோண்டே வருவானா?" என்று சிகிடி சித்தப்பா கேட்டதும் முற்றத்திலிருந்த ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

பூம்லா சிரிக்கவில்லை. கறுப்புப் பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, பாயைப் பார்த்தபடியே சொன்னாள்: "கத்துக்கிறேன் மாமா. சோளத்தை நானே முளைகட்டி, நானே அரைச்சு, நானே காய்ச்சுறேன்."

"கேப்டவுன்ல இத்தனை வருஷம் என்ன பண்ணினே?"

"பொட்டலம்தான் மாமா. வாளியில கரைச்சு மூடி வைப்பேன். அங்க எல்லாரும் குடிச்சாங்க."

"உசிரோட இருக்கிறவன் எதையும் குடிப்பான். செத்தவன் குடிக்க மாட்டான்."

பூம்லாவின் புருஷன் மோண்டே செத்து வருஷம் திரும்பிவிட்டது. செத்தவனை அப்படியே வெளியில் அலைய விட முடியாது, வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். மாட்டை வெட்டலாம், பெயர் சொல்லிக் கூப்பிடலாம், ஆனால் அவன் வந்துவிட்டான் என்று சொல்வது பீர்தான். பெண்டாட்டி கை பட்ட பீர் நுரைத்து ஏறினால் அவன் வந்தான், அவளும் அந்த வீட்டுக்காரி ஆனாள். ஏறாமல் போனால் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போக வேண்டியதுதான்.

"இவளுக்கு யாரு சொல்லிக் கொடுக்கிறது?" என்றார் சித்தப்பா.

"நான் சொல்லித் தரேன்," என்றாள் ஸோலேகா.

மோண்டேயின் தங்கை அவள். புருஷனோடு ஒத்துப்போகாமல் திரும்பி வந்த நாளிலிருந்து அண்ணன் கட்டிய நாலு அறை வீட்டில்தான் இருந்தாள். செங்கல் சுவர், ஒழுகாத தகரக் கூரை, சன்னலுக்குக் கண்ணாடி. மாட்டுப்பட்டி ஓரத்தில் பழைய வட்டக் குடிசை ஒன்று இருக்கிறது. பூம்லா வீட்டுக்காரி ஆனால் ஸோலேகாவுக்கு அந்தக் குடிசைதான். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

"உன் மனசு யாருக்கு வரும் ஸோலேகா!" என்று பூம்லா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணனுக்காகத்தானே அண்ணி."

நன்றாகவே சொல்லிக் கொடுத்தாள், அதைக் குறை சொல்ல முடியாது. சோளத்தைச் சாக்கில் கட்டி ஓடையில் போட்டார்கள். ஊறியதைத் தூக்கி வந்து ஈரச் சாக்கை மேலே போர்த்தி வைத்தார்கள். முளை எட்டிப் பார்த்ததும் பூம்லா சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாள்.

"வந்திருச்சு! வால் விட்டிருச்சு பாரு!"

"கத்தாதீங்க அண்ணி. ஆடு வந்துரும், தின்னுரும்."

காய வைத்தார்கள். கல்லில் அரைக்க உட்கார்ந்தபோது பக்கத்து வீட்டு மாம்பிங்கா வேலியில் சாய்ந்துகொண்டாள். அவளுக்கு வேலை இருந்ததே இல்லை, வாய்தான் இருந்தது.

"ஏன்டி பட்டணத்தாளே, மாவு அரைக்கிறியா, கல்லுக்குத் தலை வாரிவிடுறியா?"

"கை எரியுது அக்கா."

"எரியட்டும். பொட்டலம் பிரிச்ச கைதானே, தோலே இருக்காது."

பூம்லாவின் உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி அரைத்தாள். ஸோலேகா பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பாடுபடுவாள் என்று அவள் நினைக்கவில்லை. பாதியில் விட்டுவிட்டு ஓடுவாள் என்றுதான் கணக்குப் போட்டிருந்தாள்.

அரைத்த மாவையும் மக்காச்சோள மாவையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துப் புளிக்க வைத்தார்கள். புளித்ததில் ஒரு சட்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மிச்சத்தைப் பெரிய பானையில் கூழாகக் காய்ச்சினார்கள். இனி ஒரே வேலை. கூழைப் பீப்பாயில் ஊற்றி, எடுத்து வைத்த புளித்த கரைசலையும் ஒரு கூடை முளைமாவையும் அதில் சேர்க்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. முளைமாவு போடும்போது வீட்டுக்கு வரப்போகிறவள் மட்டும்தான் அடுப்புக் குடிசைக்குள் இருக்கலாம். அந்த வீட்டில் பிறந்தவள் ஒருத்தி வாசற்படியில் உட்கார்ந்து வாயால் சொல்லலாம், கை நீட்டக் கூடாது. உதவிக்கு வந்த பெண்கள் துடுப்புகளைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். ஸோலேகா படியில் உட்கார்ந்தாள்.

பூம்லா கூழை ஊற்றினாள். ஆவி அவள் முகத்தை மறைத்தது.

"முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பார்க்கிற பதத்துக்கு ஆறணும்" என்று ஸோலேகாவுக்கு அவள் அம்மா சொல்லியிருந்தாள். கொதிக்கும் கூழில் போட்டால் முளைமாவு செத்துவிடும், புளிப்பும் செத்துவிடும். அந்த ஊரில் பிறந்த எவளைக் கேட்டாலும் சொல்வாள்.

"போடுங்க அண்ணி," என்றாள் ஸோலேகா.

"இப்பவா? கொதிக்குதேம்மா!"

"இப்பத்தான்."

"பொட்டலத்துல ஆற வெச்சுப் போடணும்னு எழுதியிருப்பான்."

"பொட்டலத்துல உங்க மாமனார் படமா போட்டிருக்கான்? அது கடைக்காரன் குடிக்கிறதுக்கு. எங்க அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் ஆவியோட மணம் போய்ச் சேரணும். ஆறிப்போனதை வெச்சா அவமரியாதை."

"ஐயோ, எனக்குத் தெரியாதே. நல்லவேளை நீ இருந்தே."

புளித்த கரைசலை ஊற்றினாள். மாவை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டாள். கொப்பளம் உடைந்த கையில் ஆவி அடிக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டாள். போட்டு முடித்துக் கிண்டி, கம்பளியை எடுத்துப் பிள்ளைக்குப் போர்த்துவது மாதிரி பீப்பாய்க்குப் போர்த்தினாள்.

"மோண்டே, வந்துரு," என்றாள் மெதுவாக.

ஸோலேகா எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள்.

அழைப்பு நாளில் ஊரே வந்தது. மாட்டைக் கட்டியாயிற்று. சிகிடி சித்தப்பா கம்பளியை விலக்கித் தீக்குச்சியைக் கிழித்துப் பீப்பாய்க்குள் நீட்டினார். பீர் உயிரோடு இருந்தால் அதன் மூச்சு பட்டுக் குச்சி பொசுக்கென்று அணையும்.

அணையவில்லை. குச்சி நின்று நிதானமாக எரிந்து அவர் விரலைச் சுட்டது. இன்னொன்று கிழித்தார். அதுவும் எரிந்தது. அகப்பையை விட்டு எடுத்தார். கட்டியாக வந்து தொப்பென்று விழுந்தது.

"இது குடிக்கவா, சுவத்துக்குப் பூசவா?" என்றாள் மாம்பிங்கா. சிரிப்பு வேலி தாண்டிப் போயிற்று.

"மாமா, இன்னும் ஒரு நாள் விடுங்க மாமா. ஏறும். கண்டிப்பா ஏறும்."

"அவன் வரமாட்டேங்கிறான் மருமகளே. நான் என்ன செய்ய? உசிரோட இருக்கையில உன்கிட்ட என்ன பட்டானோ!"

"ஒண்ணுமில்ல மாமா! நல்லாத்தான் இருந்தோம்! ஸோலேகா, நீயாவது சொல்லும்மா. நீ சொன்னபடிதானே செஞ்சேன்?"

எல்லாரும் ஸோலேகாவைப் பார்த்தார்கள்.

"எல்லாம் முறையாத்தான் செஞ்சாங்க," என்றாள் ஸோலேகா. "என் கண்ணாலயே பார்த்தேன்."

முறையாகச் செய்தும் ஏறவில்லை என்றால் பிறகு பேச என்ன இருக்கிறது? மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். அந்தக் கூழைப் பன்றிகள் தின்றன.

ரோட்டடி வரைக்கும் ஸோலேகாதான் பெட்டியைத் தூக்கி வந்தாள். வேன் வந்ததும் பூம்லா தன் தோளில் கிடந்த நல்ல சால்வையை எடுத்து அவளுக்குப் போர்த்தினாள்.

"இந்த ஊர்ல எனக்குன்னு நின்னது நீ ஒருத்திதான்."

"பத்திரமா போங்க அண்ணி."

சால்வை கதகதப்பாக இருந்தது. அதைப் போர்த்திக்கொண்டே வீட்டுக்கு வந்தவள் முற்றத்தில் நின்றுவிட்டாள். வாசலில் சித்தப்பாவும் ஆட்களும் முள்ளு வெட்டிக் கொண்டுவந்து கதவுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய பாத்திரங்களும் மெத்தையும் மண்ணில் கிடந்தன.

"சித்தப்பா! என்ன பண்றீங்க?"

"வரமாட்டேன்னு சொன்னவன் வீடும்மா இது. அவன் வெளியில நிக்கையில உள்ள யாரு படுக்கிறது?"

"நான் கூடப்பிறந்தவ!"

"அப்போ நீதான் முதல்ல வெளியே வரணும்."

"நான் காய்ச்சுறேன் சித்தப்பா! நாளைக்கே முளைகட்டுறேன். ஏறலேன்னா என்னைக் கேளுங்க!"

"உன் பீர் ஏறும், யாரு இல்லேன்னா? தங்கச்சி கூப்பிட்டு வர்றதுக்கா அவன் பொண்டாட்டி கட்டினான்? அவ கைதான் செல்லும். அந்தக் கைக்கு அவன் வரலே. முள்ளு கிடக்கட்டும்."

மாம்பிங்கா வேலியில் சாய்ந்திருந்தாள். "குடிசைக்கூரை போன மழைக்கே பாதி போச்சேடி," என்றாள்.

மழைக்காலம் முழுக்க ஸோலேகா சட்டிகளை வைத்து ஒழுகலைப் பிடித்தாள். பாயிலிருந்து பார்த்தால் நேரே அந்தத் தகரக் கூரை தெரியும். சொட்டு உள்ளே போகாத கூரை. கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் எலிகள் ஓடின.

மழை விட்ட ஒரு பகலில் போன் அடித்தது.

"ஸோலேகா, நல்லா இருக்கியா? பூம்லா பேசுறேன்."

"அண்ணி! நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். இங்கயும் விடலே பாரு. சோளம் வாங்கி நானே முளைகட்டினேன். பக்கத்து வீட்டுல, உங்க பக்கம் டுடுவா ஊர்க்காரி ஒருத்தி குடிவந்திருக்கா, அவ கூட நின்னா. ஏறிருச்சு ஸோலேகா! கம்பளியைத் தூக்கிட்டு நுரை வழிஞ்சுது."

"ரொம்ப சந்தோஷம் அண்ணி."

"கொதிக்கிற கூழ்ல மாவைப் போடப் போனேன். கையைத் தட்டிவிட்டா அவ. பைத்தியமாடி உனக்கு, எந்த மூதேவி சொல்லிக் கொடுத்தான்னு கேட்டா."

சட்டியில் ஒரு சொட்டு விழுந்தது.

"நான் பேர் சொல்லலே," என்றாள் பூம்லா. "பொட்டலக்காரன் சரியாத்தான் எழுதியிருந்தான், இல்லே?"

"அண்ணி, மறந்து..."

"மறக்கலே நீ. முள்ளு கட்டினதும் தெரியும், நீ எங்க படுக்கிறேங்கிறதும் தெரியும். மாம்பிங்கா போன் பண்ணுவா."

"வாங்க அண்ணி. வந்து காய்ச்சுங்க. ஒரு மூலையில கிடந்துக்கிறேன்."

"வரேன். மோண்டேயை வெளியில நிக்க வெச்சுட்டு எனக்கு மட்டும் தூக்கம் வருதா? ஆனா யாரு கூப்பிட்டா நான் வரணும்? உங்க மாட்டுப்பட்டிக்குள்ள மருமக கால் வைக்கக் கூடாது, பொண்ணு வைக்கலாம். செத்தவங்க காது கேக்கிற இடம் அதுதானே, உள்ள போய் நில்லு. சித்தப்பா இருக்கணும், ஊர் இருக்கணும். படியில உக்காந்து என்கிட்ட என்ன சொன்னேன்னு உன் வாயால சொல்லு. மறுநாளே நான் வேன் ஏறுறேன்."

"என்னைத் துரத்திருவாங்க அண்ணி. இந்தக் குடிசையும் இல்லாமப் போயிரும்."

"ஆமா," என்றாள் பூம்லா. "சால்வை இருக்குல்ல? குளிர் தாங்கும்."

போனை வைத்துவிட்டாள்.

ஸோலேகா வெளியே வந்தாள். பட்டியில் மாடுகள் இல்லை, மேயப் போயிருந்தன. கதவுக்கட்டை திறந்தே கிடந்தது. அவள் அதுவரைக்கும் நடந்து போனாள், கட்டையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்து சட்டித் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு, அதே இடத்தில் மறுபடி வைத்தாள்.