வெறுங்கையோடு ஒரு விசாரணைக்கு

…வெறுங்கையோடு வந்திருக்கிறேன், அதுதான் உறுத்துகிறது, வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்போல, மடியில் கைப்பை, அதற்குள் எக்ஸ்ரேயும் டாக்டர் கடிதமும் ஒரு கைக்குட்டையும், அவ்வளவுதான், ஒரு தட்டு இல்லை, ஒரு டப்பா இல்லை… எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போனாலும் கேக்கோடு போகிறவர்கள் நாங்கள், பல் பிடுங்கப் போன இடத்துக்கே நான் ஸ்கோன் ரொட்டி சுட்டுக் கொண்டுபோனேன், டாக்டர் என் வாயில் இடுக்கியை வைத்துக்கொண்டே வெண்ணெய் எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டார். ஆனால் போன தடவை இந்த இயலாமைப் பென்ஷனுக்குக் கேட்டு வந்தபோது கொண்டுவந்த பேரீச்சம்பழக் கேக்தானே என்னைக் கவிழ்த்தது? என்னை விசாரித்த அந்த ஆபீஸ் இளைஞன் இரண்டு துண்டு தின்றான், மூன்றாவதைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டான், ஆறு வாரம் கழித்துக் கடிதம் வருகிறது, ‘விண்ணப்பதாரர் தன் கையால் சுட்ட கேக் கொண்டுவந்தார், எனவே கைகளால் வேலை செய்ய இயலும். விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.’ நானே என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன், அதுவும் வெண்ணெய் கலந்த மண்!

அந்தக் கேக்கைச் சுட எனக்கு மூன்று நாள் ஆனது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? நான் சொல்லவில்லையே… இருபத்திரண்டு வருடம் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகைகளில் சமைத்தவள் நான், பதினாலு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து வேளை, விடியலில் ஆட்டுக்கறி, பத்து மணிக்குக் கேக்கும் தேநீரும், மறுபடி கறி, மறுபடி கேக், மறுபடி கறி, ஒரு நாளாவது ஒருத்தன் பசியோடு எழுந்தானா, கேட்டுப் பாருங்கள். பிறகு முடக்குவாதம் வந்தது, விரல்கள் ஒவ்வொன்றாகக் கோணிக்கொண்டன, வில்கா பண்ணையில் கொதிக்கும் குழம்புச் சட்டியை என் காலடியிலேயே போட்டேன், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முதியோர் பென்ஷனுக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது, அதுவரைக்கும் என்ன செய்வேன்? இன்றைக்கு இந்த மேல்முறையீட்டிலும் இல்லை என்று சொன்னால் வீட்டை விற்க வேண்டும், கடற்கரையில் அக்கா மகளின் கார் ஷெட்டில் போய்ப் படுக்க வேண்டும், கடலைக் கண்டாலே எனக்கு ஆகாது.

பக்கத்து வீட்டுக் கிளாரிதான் தன் வண்டியில் கொண்டுவந்து விட்டான், நான் சமைத்த கொட்டகைகளில் ஆடு கத்தரித்தவன், இடுப்பு போய் ஓய்வில் இருக்கிறான். வழியெல்லாம் ஒரே பாட்டு. “ஏம்மா வெர்னா, எப்படி இருக்கீங்கன்னு கேப்பாங்க. நல்லாருக்கேன்னு சொல்லித் தொலைக்காத.” “யோவ், எனக்குத் தெரியாதா?” “தெரியும், ஆனா சொல்லுவ. நெஞ்சுல கத்தி நின்னாலும் பரவால்லன்னு சொல்ற சாதி நாம.” போய்யா என்றேன்… உள்ளே கூப்பிட்டார்கள், நீள மேசை, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்ட ஒரு பெண், என்னை டெலியான்னே கூப்பிடுங்க என்றாள், பக்கத்தில் ஒரு வயதான டாக்டர், எப்படி இருக்கீங்க வெர்னா என்றாள், நான் வாயைத் திறந்து, “நல்லாருக்கேங்க, ஒரு குறையுமில்ல” என்றேன். அடக் கடவுளே! டெலியா அதை எழுதவே செய்தாள், பேனா ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

கேள்வி மேல் கேள்வி. பித்தான் போடுவீர்களா, சமாளிக்கிறேன், தலை வாருவீர்களா, சமாளிக்கிறேன், மூடி போட்ட பாட்டிலைத் திறப்பீர்களா… “திறப்பேனே” என்றேன், சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், பொய் சொல்வேனா, என் வீட்டில் ஜாம், பீட்ரூட் ஊறுகாய், கோதுமை மாவு எல்லாம் நான்தான் திறக்கிறேன், வேறு யார் இருக்கிறார்கள்? டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி எக்ஸ்ரேயைப் பார்த்தார், பிறகு ஓரத்து மேசையில் இருந்த காப்பித்தூள் பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தார், புதுசு. “இதக் கொஞ்சம் திறந்து காட்டுங்கம்மா.” கொடுங்கள் இப்படி என்று இழுத்தேன். திருகினேன். முழங்கால் இடுக்கில் வைத்துத் திருகினேன், பாவாடை நுனியைச் சுற்றித் திருகினேன், கண்ணில் நீர் முட்டுகிறது, மூடி அசையவில்லை, மானம் போகிறது, வெர்னா, மூன்று பேருக்குக் காப்பி போட வக்கில்லையா உனக்கு? “போதும்மா, விட்டுடுங்க” என்றார் டாக்டர் மெதுவாக. “அப்ப வீட்ல எப்படித் திறக்கறீங்க?”

எப்படித் திறக்கிறேன்? “எங்க வீட்டு மூடியெல்லாம் லேசாத்தான் இருக்கும்…” என்று ஆரம்பித்தேன். ஏன் லேசாக இருக்கிறது? கடையில் வாங்குகிற அதே பாட்டில்தானே? தினமும் காலை ஏழு மணிக்குக் கிளாரி வருவான், கையில் ஒரு கோப்பை, அரைக் கோப்பைச் சர்க்கரை குடு வெர்னா என்பான், நீயே எடுத்துக்கோய்யா என்பேன், சாமான் அறைக்குள் போவான், நான் தேநீர் போடுவதற்குள் உள்ளே டொக் டொக்கென்று சத்தம் கேட்கும், என்னய்யா பண்றே, எலி இருக்கான்னு பாக்கறேன்… இரண்டு வருடமாக எலி பார்க்கிறான்! சர்க்கரை வியாதிக்காரன், தேநீரில் ஒரு துளி இனிப்பு சேர்க்காதவன், டாக்டரை ஏமாத்திட்டுத் திருட்டுத்தனமாத் திங்கிறியான்னு எத்தனை தடவை திட்டியிருக்கிறேன், தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொள்வான். அட பாவி.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. “பக்கத்து வீட்டுக்காரர் தளர்த்தி வெச்சுட்டுப் போறாரு போலிருக்கு, எனக்கு இப்பத்தான் தெரியுது” என்றேன், அது வெளியே வந்ததும் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிட்டது, மதகு திறந்தமாதிரி. அந்தக் கேக்கா? முட்டையை உள்ளங்கையால் நசுக்கி உடைத்தேன், ஓட்டைப் பொறுக்க அரை மணி, கரண்டியைத் துணியால் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு கிளறினேன், அடுத்த இரண்டு நாள் பித்தானைக் கழற்ற முடியாமல் அதே சட்டையோடு படுத்தேன். தலை வாரிக்கொள்ள முடியவில்லை, அதனால்தான் முடியை ஒட்ட வெட்டிவிட்டேன். கோப்பையை இரண்டு கையாலும் அணைத்துத்தான் தூக்குகிறேன். “என்னால முடியலைங்க. சமாளிக்கிறேன்னு சொன்னது பொய். முடியல” என்றேன், சத்தமாக, வராந்தா வரைக்கும் கேட்கிற மாதிரி. சொன்னதும் வெட்கத்தில் செத்துவிடுவேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன், சாகவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்! இரண்டு பேரும் வெளியே போய்க் குசுகுசுத்துவிட்டு வந்தார்கள். “இந்தப் பென்ஷனுக்கு இயலாமைப் புள்ளி இருபது வேணும் வெர்னா. இருபதும் இருக்கு, இன்னைக்கே எழுதிடறோம்” என்றாள் டெலியா. பள்ளிக்கூடத்தில் கணக்கிலே மூன்று வாங்கியவள் நான். எழுந்து நின்று அவர்கள் இரண்டு பேர் கையையும் குலுக்கினேன், உயிர் போகிற வலி, போகட்டும் போ. டாக்டர் என் ஃபைலை மூடிக்கொண்டே, “அந்தக் கேக் ரொம்ப ருசின்னு இதுலயே எழுதியிருக்காங்கம்மா” என்றார். எழுதியிருப்பார்கள், எழுதாமல் என்ன?

படியிறங்கினேன், இறங்கினேனா மிதந்தேனா, வெயில் அடிக்கிறது, கம்பியில் வரிசையாக ரோஜா நிற நெஞ்சுக் காலா கிளிகள் கத்துகின்றன, என் வீடு எனக்கு, என் அடுப்பு எனக்கு, கடலாவது மண்ணாவது! கிளாரி வண்டிக்குள் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு கிடந்தான், கதவைக் காலால் உதைத்தேன். “என்னாச்சு?” “இருபது.” “நூத்துக்கா?” “இருபதுக்குய்யா!” தொப்பியைத் தூக்கிக் கூரையில் அடித்தான், கூரையிலிருந்து ஒரு படி தூசி கொட்டியது, இரண்டு பேரும் இருமி இருமிச் சிரித்தோம். பிறகு வண்டியைக் கிளப்பினான், ஊர் தாண்டிச் செம்மண் பாதை வந்தது, கேட்டுவிடலாமா, யோவ், எலி ஏதாவது அகப்பட்டுதா என்று… கேட்டால் நாளைக் காலையில் எப்படி வருவான்? எந்த முகத்தோடு கோப்பையை நீட்டுவான்? எனக்குத் தெரியக்கூடாது என்றுதானே அத்தனை திட்டும் வாங்கினான். இரண்டு வருடம், தினம் அரைக் கோப்பை, அதைத் தின்னவும் மாட்டான், அத்தனை சர்க்கரையும் அந்தக் குட்டி வீட்டில் எங்கேதான் இருக்கிறது? “பிளாஸ்க்ல டீ இருக்கு, ஊத்திக் குடி” என்றான், சாலையையே பார்த்துக்கொண்டு. எடுத்தேன். மூடி இரண்டு விரலுக்கே சுழன்று வந்தது, நானும் பல்லைக் கடித்து, தோளை ஆட்டி, திருகித் திறக்கிறவள் மாதிரியே திறந்தேன், அப்பாடா என்றுகூடச் சொன்னேன்… இப்போதுதானே அத்தனை பேர் முன்னால் முடியாது என்று சொல்லி ஜெயித்துவிட்டு வருகிறேன், இது யாருக்காக? “நாளைக்குச் சர்க்கரை இருக்குமா?” என்று கேட்டான் கிளாரி. இருக்கும் என்றேன்.