ஏழாவது வீடு

"கையை விடுடி. நானே நடப்பேன்" என்றாள் அம்மா.

காரின் கதவைப் பிடித்து எழுந்து நின்றவளை விட்டு மகள் ஓரடி விலகினாள். வாசலுக்குப் பதினைந்தடி இருக்கும். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட உடம்பு. படுக்கையை விட்டு எழுந்தால் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்று டாக்டர் சொல்லி ஒன்பது நாளாகிறது. "கால் ஓயறதுக்குள்ள எல்லாரையும் பாத்துடணும்" என்று அன்றே துணிமணியை எடுத்து வைக்கச் சொன்னாள் அம்மா. பள்ளி வேன் ஓட்டும் மகள் லீவு போட்டுவிட்டுக் காரை எடுத்தாள். சித்தி, பெரியப்பா, அத்தைகள் என்று ஆறு வீடு முடிந்துவிட்டது. போன இடத்திலெல்லாம் அம்மா வாய் ஓயாமல் சிரித்துப் பேசினாள். ஒருவரையும் அழ விடவில்லை.

ஏழாவது, தாய்மாமன் வீடு. தையல்காரர். தன் பேச்சை மீறித் தங்கை ஒரு லைன்மேனைக் கட்டிக்கொண்டதும், "என் வாசப்படி ஏறாதே" என்று சொன்னவர். முப்பத்தொரு வருஷமாக இரு வீட்டுக்கும் போக்குவரத்தே இல்லை.

சத்தம் கேட்டு மாமா கதவைத் திறந்தார்.

"என்ன, வழி தப்பி வந்துட்டியா?"

"உன்னைப் பாக்கத்தான் வந்தேன். வழியை விட்டு நில்லு. நான் உக்காரணும்."

மாமா நகர்ந்து வழிவிட்டார். அம்மா நேரே போய் அவருடைய சாய்வு நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

தங்கை குளிருக்குப் போட்டிருந்த கோட்டையே மாமா பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பில் அது தோளிறங்கித் தொங்கியது.

"எவன் தைச்சான் இதை? கழட்டு."

"வாங்கும்போது சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் கரைஞ்சுட்டேன்."

மாமா கோட்டை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனார். தையல் மெஷின் தடதடத்தது. அம்மா மகளைப் பார்த்துக் கண் சிமிட்டினாள்.

"ஏழு! அந்த டாக்டர்கிட்ட மறக்காமச் சொல்லு."

தண்ணீர் கேட்டாள். மகள் சமையலறையிலிருந்து டம்ளரோடு வந்தபோது அம்மா தலையைச் சாய்த்திருந்தாள். மூச்சில்லை. உள்ளே மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்ல மகளுக்கு மனம் வரவில்லை.

மாமா கோட்டோடு வந்து நின்றார். பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து, ஒவ்வொரு கையாக நுழைத்து, அதைத் தங்கைக்குப் போட்டுவிட்டார். தோள் கச்சிதமாக உட்கார்ந்தது.

மகள் சித்திக்குப் போன் செய்தாள்.

"எங்கடி போச்சு உயிரு? வழியிலயா?"

"இல்ல சித்தி. மாமா வீட்டுக்குள்ள. அவர் நாற்காலியில."

மறுமுனையில் அழுகை வெடித்தது. நடுவிலேயே அது சிரிப்பாகத் திரும்பியது. "ஜெயிச்சுட்டாடி! எங்கக்கா ஜெயிச்சுட்டா!"

பகல் சாய்வதற்குள் ஆம்புலன்ஸ் வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டது. பின்னால் போக மகள் காரைக் கிளப்பினாள். மாமா வீட்டுக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு வந்து முன்சீட்டில் ஏறினார்.

"உங்க வீட்டுக்கு எவ்வளவு நேரமாகும்?"

"ஆறு மணி நேரம், மாமா."

"சரி. போ."

சீட் பெல்ட்டைத் தேடித் தடவினார். மகள் எட்டி இழுத்து மாட்டிவிட்டாள். கழுத்தில் கிடந்த அளவு நாடாவை அவர் கழற்ற மறந்திருந்தார்.