ஒரு கையில் பொடியன்

மூன்றாவது பெட்டியையும் பிரித்த பிறகுதான் தினேஸ்வரிக்கு ஏதோ இடித்தது.

மேசைமேல் மூன்று பொடியன்கள் மல்லாந்து கிடந்தன. நடுவே சின்னத் திரையும், வலப் பக்கம் பொத்தான்களும், இடப் பக்கம் கட்டைவிரலால் சுழற்றும் திருகுபிடியும் கொண்ட கையடக்க விளையாட்டுக் கருவிகள். ஈப்போவில் ஒரு டயர் கடைக்கு மேலேயுள்ள இரண்டு அறைகளில் அவளும் முகுந்தனும் சேர்ந்து உருவாக்கியவை. பெயர் வைத்தது முகுந்தன். யாழ்ப்பாண வழிவந்த அவர் குடும்பத்தில் சின்னப் பையன்கள் எல்லோருமே பொடியன்கள்தான். ஈப்போவின் புந்தோங் பகுதியில் வளர்ந்த தினேஸ்வரிக்கு அந்தச் சொல் முதலில் சிரிப்பை வரவழைத்தது. பிறகு நாக்கில் ஒட்டிக்கொண்டது.

மூன்றிலும் ஒரே கோளாறு. வலப் பக்கப் பொத்தான்கள் அழுந்தி அழுந்திக் குழிந்து போயிருந்தன. இடப் பக்கத்தில் இருந்த திருகுபிடியோ தொழிற்சாலை மினுக்கம்கூட மாறாமல் இருந்தது. கருவியின் உடலை வரைந்தவள் அவள்தான். இரண்டு கட்டைவிரலுக்கும் சரிபாதி வேலை இருக்க வேண்டுமென்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு, கல்லூரி மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்து முடித்த உடல் அது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து அவள் பார்த்ததில்லை.

"மூணும் சிலிம் ரிவர்ல இருந்து வந்திருக்கு, அண்ணே. பேரு வேற வேற. விலாசம் மட்டும் ஒண்ணு."

"பொடியன வெச்சு எவனோ ஆணி அடிக்கிறான் போல." முகுந்தன் கணினியிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "வாரண்டியில வராதுன்னு எழுதிப் போடு."

"நேர்ல பாத்துட்டு எழுதுறேன்."

"என்னத்தப் பாக்கப் போற? சனிக்கிழமைக்கு அப்புறம் வாரண்டியும் இல்ல, ஒண்ணும் இல்லலா."

சனிக்கிழமை அவர் கோலாலம்பூருக்குப் போய்க் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. விற்காமல் கிடக்கும் பொடியன்களையும் அவற்றை வார்க்கும் அச்சுகளையும் ஒரு நிறுவனம் மொத்தமாகக் கேட்டிருந்தது. பெயரைச் சுரண்டிவிட்டு, பண்டிகைக் கால பிஸ்கட் டின்களோடு இலவசமாகக் கொடுத்துத் தீர்த்துவிடுவார்கள். அச்சு போனால் இன்னொரு பொடியன் பிறக்கப் போவதில்லை. முகுந்தனுக்குப் பினாங்கில் பழைய வேலை காத்திருந்தது.

அவரைக் குறை சொல்ல அவளால் முடியவில்லை. பேரங்காடிகளில் மேசை போட்டு, போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு விளையாடச் சொன்னவர் அவர். ஒரு நாள் பள்ளிச் சீருடையில் வந்த பையன் ஐந்து நிமிடம் ஆடிவிட்டு, "நல்லா இருக்கு அங்கிள், ஆனா இதெல்லாம் என் போன்லயே இருக்கே" என்று பணிவாகத் திருப்பிக் கொடுத்தான். அன்றிலிருந்து முகுந்தன் மேசை போடுவதைக் குறைத்துக்கொண்டார்.

தினேஸ்வரிக்கும் வேறு வேலை கிடைக்கும். ஆனால் தன் கையால் வரைந்து, தன் கண் முன்னால் பொருளாக மாறி வெளியே வந்தது இது ஒன்றுதான். சனிக்கிழமையோடு அது பிஸ்கட் டின்னுக்குப் போய்விடும் என்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை பழுது பார்த்த மூன்றையும் எடுத்துக்கொண்டு காரைக் கிளப்பினாள். சிலிம் ரிவரை நெருங்கும்போது சாலையோரப் பலகைகளில் ரப்பர்த் தோட்டங்களின் பெயர்கள் இன்னும் இருந்தன. பலகைக்குப் பின்னால் நின்றதெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை.

விலாசம் ஒரு மருந்துக் கடையின் மேல்மாடி. விளையாட்டுக் கடை வைத்துப் பையன்களிடம் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள் என்று முடிவுகட்டி, கேட்க வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடியே படியேறினாள். பாதிப் படியில் மருந்து நெடி அடித்தது.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் சாய்வு நாற்காலிகள் எதிரெதிரே இரண்டு வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் இயந்திரம். இயந்திரத்திலிருந்து ரத்தம் ஓடும் குழாய்கள் படுத்திருந்தவர்களின் கைகளுக்குப் போயின. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கான ரத்தச் சுத்திகரிப்பு மையம். தினேஸ்வரி கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

"உங்க லோரி எங்கண்ணே? ஆளையே காணோம்," என்றது உள்ளே ஒரு பெண் குரல்.

"நீ பள்ளத்துல கெடந்தா எப்படித் தெரியும்? நான் எப்பவோ டோல் தாண்டிட்டேன்."

"கள்ள டோலா இருக்கும்."

பேசிய பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். ஊசிகள் குத்தியிருந்த இடக்கை தலையணைமேல் அசையாமல் கிடந்தது. வலக்கை, போர்வைக்கும் வயிற்றுக்கும் நடுவே செருகியிருந்த பொடியனை அழுத்திக்கொண்டிருந்தது. திரையில் லோரிப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. எதிர் வரிசையில் இருந்தவருக்கு ஊசி வலக்கையில். அவர் பொடியனைத் துண்டால் நாற்காலிக் கையோடு கட்டி, இடக்கையால் ஆடிக்கொண்டிருந்தார்.

"யாரப் பாக்கணும்?" என்றாள் தாதி. சட்டையில் ஷர்மினி என்று பெயர் இருந்தது.

"பொடியன் கம்பெனியில இருந்து வாரேன்."

லோரிகளின் இரைச்சல் நின்றது.

"வந்துட்டாங்களா?" என்றாள் அந்தப் பெண்மணி. "மிஸ்ஸி, ஒரு நாற்காலி போடு. நான் சண்டை போடணும்."

அவள் பெயர் கலாதேவி. பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலை நடத்தியவள். எதிரே இருந்தவர் பத்துமலை, தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். ஊரில் ஒரு போன் கடை விற்காத பொடியன்களைக் கழித்துக் கட்டியபோது அவர்தான் முதலில் ஒன்றை வாங்கி வந்தார். பிறகு ஆளுக்கொன்று ஆயிற்று. இணையம் வேண்டாம், பக்கத்தில் இருக்கும் பொடியனை இந்தப் பொடியனே தேடிச் சேர்ந்துகொள்ளும். அந்த வசதி எட்டும் தூரத்துக்குள் கூடம் முழுதும் அடங்கியிருந்தது.

"யாரு செஞ்சது இத?" என்றாள் கலாதேவி.

"நான்தான்கா."

"ரெண்டு கையும் சும்மா இருக்குற ஆளு செஞ்சதுன்னு பாத்தாலே தெரியுது. அந்தப் பக்கம் திருகுறது இருக்கு, எனக்கு எட்டாது. ஸ்டியரிங்க பட்டனுக்கு மாத்தி வெச்சு அமுக்கி அமுக்கி அதுவும் ரொசாக், கெட்டுப் போச்சு. அவருக்கு எடது கை, திருகுறது அவருக்கு. அதான் ஜெயிக்கிறாரு."

"திறமைன்னு ஒண்ணு இருக்கு, கலா," என்றார் பத்துமலை.

"போன்ல ஆடலாமேக்கா?" பேரங்காடிப் பையனின் வார்த்தையைத் தன் வாயாலேயே கேட்டுவிட்டு, பதிலுக்குப் பயந்தாள் தினேஸ்வரி.

"போன ஒரு கை புடிக்கணும், ஒரு கை தட்டணும். கைக்கு எங்க போறது? இதுல பட்டன் இருக்கு, பாக்காமலே அமுக்கலாம். இவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டே தோக்கடிக்கலாம்."

ஷர்மினி ஒரு இயந்திரத்தின் எண்களைப் பார்த்துவிட்டு வந்தாள். "முன்னெல்லாம் பாதியிலேயே கழட்டு கழட்டுன்னு நச்சரிப்பாங்க. நாலு மணி நேரம் அசையாம இருக்கணும்ல. இப்ப நேரம் முடிஞ்சு கழட்டப் போனா, இரு மிஸ்ஸி, லோரி போகுதுன்னு என்னையே காக்க வைக்கிறாங்க."

அப்போது கலாதேவியின் வலக்கையில் சுற்றியிருந்த ரத்த அழுத்தப் பட்டை உறுமிக்கொண்டு உப்பியது. விரல்கள் விறைத்தன. திரையில் அவள் லோரி சாலையை விட்டிறங்கி ஒரு செம்பனை மரத்தில் முட்டி நின்றது. பத்துமலை ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போனார்.

"அரை மணிக்கு ஒரு தடவ இது புடிச்சிக்கும்," என்றாள் கலாதேவி. "அவருக்குப் புடிக்கட்டும், நானும் விட மாட்டேன்."

தினேஸ்வரி தன் இடக்கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு ஓர் ஆட்டம் ஆடிப் பார்த்தாள். தான் வரைந்த கருவி தன் கைக்கே அடங்கவில்லை. வழுக்கியது. மடியிலிருந்து சரிந்தது. திருகுபிடி வேறொருவர் வீட்டில் இருப்பதுபோல் எட்டாத தூரத்தில் நின்றது. படுதோல்வி. அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, நெடுநாளாக வராத ஓர் அரிப்பு விரல்களில் ஏறவும் செய்தது.

வெள்ளிக்கிழமை முழுதும் அறையை விட்டு அவள் நகரவில்லை. ஒரு பொடியனை இரண்டாக அறுத்து, திருகுபிடியை வலப் பக்கம் மாற்றினாள். மடியில் வைத்தால் சாயாமல் நிற்க, அகலமான கனத்த அடித்தட்டு ஒன்றை முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்டு ஒட்டினாள். பார்க்க ஆமை மாதிரி இருந்தது. முகுந்தன் ஒருமுறை எட்டிப் பார்த்தார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். "ஒரு ரூம்ல பத்துப் பேரு, தினேஸ்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை அவள் கேட்காமலேயே அவர் காரில் ஏறிக்கொண்டாள். ஆமை மடியில் இருந்தது. முகுந்தன் இஸ்திரி போட்ட சட்டையில், வானொலியைப் போடாமல் ஓட்டினார். நெடுஞ்சாலையில் வெகுதூரம் போன பிறகு அவள் பேசினாள்.

"சிலிம் ரிவர்ல இறங்கிட்டுப் போலாம், அண்ணே. அரை மணி நேரம்."

"பத்துப் பேருக்காக ஃபேக்டரி ஓட்ட முடியாது."

"உங்க வீட்டுல இருந்து டோலுக்கு வர்ற வழியில டயாலிசிஸ் போர்டு எத்தன பாத்தீங்க?"

போஸ்ட் ஆபீஸுக்கு எதிரே ஒன்று, சீனர் பேக்கரிக்கு மேலே ஒன்று என்று அவர் மனம் தானாகவே அந்தச் சாலையில் திரும்பிப் போவது முகத்தில் தெரிந்தது. சிலிம் ரிவர் பிரிவு வந்தபோது இடப்பக்க சிக்னலைப் போட்டார்.

வியாழக்கிழமை வந்தவர்களுக்கே சனிக்கிழமையும் முறை. கலாதேவி ஆமையை வாங்கி மடியில் வைத்து, திருகுபிடியைச் சுழற்றிப் பார்த்தாள்.

"அசிங்கமா இருக்கு," என்றாள். "ஆனா நிக்குது."

பிறகு முகுந்தனைப் பார்த்தாள். "பாஸ் சும்மா நிக்குறாரே. உக்காரச் சொல்லு."

முகுந்தனுக்குப் பழைய பொடியன் கிடைத்தது. ஷர்மினி சட்டம் போட்டாள்: இடக்கை தொடைக்கு அடியில். முதல் ஆட்டம் அவர் தோற்றார். இரண்டாவதும் தோற்றார்.

"கம்பெனிக்காரருக்கே ஓட்டத் தெரியல," என்றார் பத்துமலை. "லைசென்ஸ் இருக்கா, தம்பி?"

மூன்றாவது ஆட்டத்தில் இரண்டு லோரிகளும் உரசிக்கொண்டு கடைசி வளைவுக்கு வந்தன. அப்போது பட்டை உறுமியது. கலாதேவியின் விரல்கள் விறைத்தன. அவள் லோரி மரத்தில் முட்டியது. முகுந்தனுடையது டோலைத் தாண்டி ஜெயித்தது.

யாரும் கை தட்டவில்லை.

"கட்டிப் போட்ட ஆள முந்திட்டுப் போறது என்ன ஜெயிப்பு?" என்றார் பத்துமலை.

"ஏன், நீங்க தெனம் அதானே செய்யுறீங்க," என்றாள் கலாதேவி.

"எனக்கு உரிமை இருக்கு. என்னையும்தானே புடிக்குது."

கூடமே சிரித்தது. முகுந்தன் சிரிக்கவில்லை. திரையில் தன் வெற்றியைச் சொன்ன எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்பப் புடிக்கும்னு முன்கூட்டியே தெரியுமா?" என்றார்.

"புடிச்சப்புறம்தான் தெரியும்."

"அப்ப விரல் விறைக்கிறதுக்குள்ள ஒரே ஒரு அமுக்கு. ரெண்டு லோரியும் நின்ன எடத்துலயே நிக்கணும்." அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். "எதிராளி வேணாம்னு சொல்ல முடியாதபடி."

"கண்டிப்பா முடியாதபடி வைங்க," என்றாள் கலாதேவி. "இவரு வேணாம்னுதான் சொல்லுவாரு."

ஷர்மினி ஆமையைத் தட்டிப் பார்த்தாள். "ஆளுக்கு ஆள் மாறினா நான் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கணும்."

"அப்ப இந்த பெயிண்ட் நிக்காது," என்றார் முகுந்தன் உடனே. "சாயத்த பிளாஸ்டிக்லயே கலக்கணும். இந்த ஓரத்துல அழுக்கு சேரும், அத வழிக்கணும். எடது கைக்காரருக்கு இந்தப் பாதியக் கழட்டி அந்தப் பக்கம் மாட்டற மாதிரி வேணும். இப்படி ஒட்டி வெச்சா ஒரு மாசம் தாங்காது, தினேஸ்."

பேரங்காடி மேசைகளைச் சுருட்டிய நாளிலிருந்து முகுந்தன் பொடியனிடம் ஒரு குறைகூடக் கண்டுபிடித்ததில்லை. கைவிட்டுவிட்ட பொருளில் யாரும் குறை தேடுவதில்லை.

அவர் சட்டைப் பையில் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்துவிட்டுப் படிக்கட்டுக்குப் போனார். கண்ணாடிக்கு வெளியே அவர் முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு படி இறங்கினார். நின்றார். அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தினேஸ்வரி ஆமையின் திருகுபிடியைச் சும்மா சுழற்றிக்கொண்டிருந்தாள். ஏதோ நடக்கிறதென்று கூடத்தில் இருந்தவர்களுக்கும் தெரிந்திருந்தது.

அவர் திரும்பி வந்தபோது சட்டைக் காலர் கசங்கியிருந்தது.

"ஸ்டாக்க எடுத்துக்கச் சொன்னேன். அச்சு தர மாட்டேன்னுட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"நல்லா ஏசுனாங்க. அச்சு இல்லாம வேணுமான்னு யோசிச்சு திங்கக்கிழமை சொல்றாங்களாம்."

"வேணாம்னுட்டா?"

"அத்தனையும் நம்ம தலையிலதான். ஒவ்வொண்ணா அறுத்து ஆமை பண்ண வேண்டியதுதான்."

"பினாங்கு?"

"அது ஓடிடாது. ஆறு மாசம் பாப்போம். இது சரிப்பட்டு வரலன்னா அப்புறம் போறேன்." அவர் குரலில் பெருமை ஒன்றும் இல்லை. பயம்கூட இருந்தது. ஆனால் கண்கள் மறுபடி அந்த அடித்தட்டின் ஓரத்துக்கே போயின.

"தஞ்சோங் மாலிம்ல எங்க இன்னொரு சென்டர் இருக்கு," என்றாள் ஷர்மினி. "அங்க உள்ளவங்களும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. சரியா செஞ்சு கொண்டு வந்தா மேனேஜர்கிட்ட பேசுறேன்."

"செவ்வாய்க்கிழமை வாரேன், மிஸ்ஸி. நிறுத்துற பட்டனோட," என்றாள் தினேஸ்வரி.

"வா," என்றாள் கலாதேவி. "நாங்க எங்க போகப் போறோம்?"

ஆமையை மடியில் இழுத்து நிறுத்திக்கொண்டு அவள் திருகுபிடியைத் தள்ளினாள். திரையில் லோரி கிளம்பியது.

"பாஸு, ஒரு ஆட்டம் கள்ளாட்டமா போச்சு. கணக்குல சேராது."

முகுந்தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். இடக்கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.