ஓடாத வண்டியின் சைலன்சர்

புகை டெஸ்ட்ல என் வண்டி ஃபெயில். அதைச் சொன்ன ஆளு முகத்துல ஒரு வருத்தமாவது இருக்கணுமே, ம்ஹூம். கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே, "புகை அளவுக்கு மேல வருதும்மா, சைலன்சரும் ஓட்டை. சரி பண்ணி இந்த மாசத்துக்குள்ள திரும்பக் கொண்டு வாங்க. இல்லேன்னா ரோட்டுல எடுக்கக் கூடாது"ன்னான். என்னவோ நான் தினமும் ஊரைச் சுத்துற மாதிரி. நான் ஓட்டுறது வீட்டுலேர்ந்து நான் வேலை பாக்குற திரைச்சீலை தைக்கிற கடை வரைக்கும், கடையிலேர்ந்து வீடு வரைக்கும். ஒரு பாட்டு போட்டா அது முடியுறதுக்குள்ள போய்ச் சேந்துடலாம்.

இதை மகன்கிட்ட ஃபோன்ல சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது.

"வித்துடலாம்மா. கூப்பிடு தூரத்துக்கு உனக்கு எதுக்குக் காரு? நடந்தா உடம்புக்கும் நல்லது."

எனக்கு வந்துச்சே கோவம்! "உன் தொப்பை இருக்கிற லட்சணத்துக்கு மொதல்ல நீ நடடா"ன்னேன். சிரிச்சான். சிரிச்சுட்டு, "டெஸ்ட்ல பாஸ் ஆனா வச்சுக்கோ. ஆகலைன்னா ஆளனுப்புறேன், சாவியைக் கொடுத்துடு"ன்னான். வண்டி அவன் பேர்லதான் இருக்கு. வேலை மாத்தி வேற ஊருக்குப் போனப்ப எனக்கு விட்டுட்டுப் போனது. அதுல ஏறி உக்காந்தா அவன் சீட்டைப் பின்னாடி தள்ளி வச்சிருந்தது ஞாபகம் வரும். அந்த வண்டியும் போயிட்டா எனக்குன்னு என்ன மிச்சம்? தையல் மிஷின்தான்.

அவன் போயி நாலு வருஷம் ஆச்சு. ஊரு ஒண்ணும் அடுத்த லோகத்துல இல்ல, பெரிய ரோட்டுல ஒரு மணி நேரம். வாராவாரம் ஃபோன் பண்ணுவான், வைக்கிறதுக்கு முன்னாடி "ஒரு நாள் கெளம்பி வாம்மா"ம்பான். நானும் "எங்கடா நேரம், தலைக்கு மேல வேலை கெடக்கு"ம்பேன். சுத்தப் பொய். சும்மா கூப்பிட்டா உடனே பையைத் தூக்கிக்கிட்டுப் போய் நிக்கிறதா? இந்தத் தேதிக்கு வா, நான் வந்து அழைச்சுக்கிட்டுப் போறேன்னு கூப்பிடட்டும், அப்புறம் பாத்துக்கலாம். நமக்கும் ஒரு மரியாதை வேணும்ல? இப்படிப் பிகு பண்ணிக்கிட்டே நாலு வருஷத்தை ஓட்டிட்டேன்.

இருக்கட்டும். சைலன்சர் கதைக்கு வர்றேன்.

நான் இருக்கிறது அடுக்குமாடிக் கட்டடம். மூணாவது மாடிக்காரர் மோட்டார் சைக்கிள்ல தெருமுனை திரும்பும்போதே அவர் பொண்டாட்டி பால்கனிக்கு வந்துடுவா. "பால் வாங்கினீங்களா?"ன்னு அங்கேர்ந்தே கத்துவா. அவர் மறந்திருப்பார். மறுபடி திட்டு விழும். இதை தினமும் கேக்குறப்ப எனக்கு வயிறு எரியும், சொல்றதுக்கென்ன. நான் வண்டியை நிறுத்தினா ஈ எறும்புகூடத் திரும்பாது. ஆனா சைலன்சர்ல ஓட்டை விழுந்த நாளுலேர்ந்து கொஞ்சம் சத்தம் வர ஆரம்பிச்சுது. ஒரு சாயங்காலம் எதிர் வீட்டம்மா ஜன்னலைத் திறந்து எட்டிப் பாத்து, "யாரு? ஓ, நீங்களா"ன்னுட்டு மூடிக்கிட்டாங்க. சிரிக்காதீங்க, அன்னைக்குப் பூரா எனக்கு அது போதுமா இருந்துச்சு.

அதனால முடிவு பண்ணினேன். எப்படியும் சைலன்சரை மாத்தித்தான் ஆகணும். மாத்துறதுதான் மாத்துறோம், கும்முன்னு சத்தம் வர்ற மாதிரி ஒண்ணைப் போட்டுடுவோம். செலவும் கையைக் கடிக்கக் கூடாது, டெஸ்ட்லயும் பாஸ் ஆகணும்.

சைலன்சர்காரர் கொட்டகை பழைய மரக்கிடங்குக்குப் பக்கத்துல இருக்கு. நாப்பது வயசு ஆளு, வெல்டிங் கண்ணாடி நெத்தியிலேயே ஒட்டிக்கிட்டு இருக்கும். நான் போனதும் போகாததுமா, "தம்பி, அந்தக் கன்வர்ட்டரைக் கழட்டிட்டா சத்தம் தானா வருமாமே, காசும் மிச்சமாமே, வீடியோல பாத்தேன்"னு அடிச்சு விட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பாத்தார்.

"சத்தம் வரும்க்கா. டெஸ்ட் ஊத்திக்கும். புகையில இருக்கிற விஷத்தை எரிச்சு வெளிய அனுப்புற டப்பாவே அதுதான். அதைத் தொட்டீங்கன்னா வண்டியை வீட்டுல பூச்சாடியா வச்சுக்க வேண்டியதுதான்."

"கோவப்படாதீங்க, சும்மா கேட்டேன்."

வண்டியைத் தூக்கி நிறுத்தினார். அடியில போயி பின்னாடி சைலன்சரைக் கழட்டிக் கவுத்தினார் பாருங்க, டீ நிறத்துல தண்ணி கொடகொடன்னு கொட்டுச்சு. கூடவே கைப்பிடி கைப்பிடியா துரு. எனக்கு மானமே போச்சு. என் சமையலறையை யாரோ திறந்து பாத்த மாதிரி.

"இந்த வண்டி தூரமா எங்கயுமே போறதில்லையாக்கா?"ன்னார்.

"ஏன், அது உங்ககிட்ட சொல்லுச்சா?"

"சொல்லுதே. பெட்ரோல் எரியுறப்ப தண்ணியும் ஆவியா வரும். குழாய் நல்லா சூடேறினா அது வெளிய போயிடும். நீங்க சூடேறுறதுக்குள்ள நிறுத்திடுறீங்க. தண்ணி உள்ளேயே தங்கித் தங்கி அரிச்சிருக்கு. கன்வர்ட்டருக்கும் அதே கதைதான். கொதிக்கக் கொதிக்க இருந்தாத்தான் அது வேலை செய்யும். உங்களோடது சூட்டையே பாத்ததில்ல போல." துணியில கையைத் துடைச்சுக்கிட்டே கேட்டார், "வெளியூர்ல யாரும் இல்லியாக்கா உங்களுக்கு?"

சுருக்குன்னு தச்சுது. இரும்பைப் பாத்தே கண்டுபிடிச்சுட்டாரே மனுஷன்!

"ஏன் இல்ல? மகன் இருக்கான். வாராவாரம் வா வான்னு உயிரை வாங்குறான். நான்தான் போகல."

"அப்புறம் என்ன! போட்டுக் கொடுக்கிறேன், ஜம்முனு போயிட்டு வாங்க."

பழைய இரும்புக் கடைக்கு அவர்கூடவே போனேன். எங்க விட்டா புதுசு வாங்கிப் பில்லைத் தீட்டிடுவாரோன்னு பயம். பெரிய வண்டியில இருந்து கழட்டின ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சைலன்சருங்க ஒரு மூலையில குவிஞ்சு கெடந்துச்சு. துருப்பிடிக்காது, விலையோ புதுசுல கால்வாசி. தர்பூசணி வாங்குற மாதிரி ஒவ்வொண்ணாத் தட்டித் தட்டி, காதுகிட்ட வச்சு ஆட்டி, உள்ள கலகலன்னு சத்தம் வராததா ஒண்ணைப் பொறுக்கினேன். கடைக்காரன்கிட்ட நான் பேரம் பேசினதைப் பாத்து சைலன்சர்காரர் வெளிய போயி நின்னுக்கிட்டார், பாவம்.

குழாயை அரை விரல் பெருசாக்கி, வளைச்சு, வெல்டிங் வச்சார். கன்வர்ட்டர் இருந்த இடத்துலேயே இருந்துச்சு. மூட்டுக்கு மூட்டு, புகை கசியாம இருக்க புது கேஸ்கெட். அப்புறம் சோப்புத் தண்ணியைத் தடவித் தடவி, எங்கயாவது குமிழி வருதான்னு பாத்தார். முன்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருந்தாக்கூட காத்து உள்ள போயி, புகையை அளக்குற சென்சாரை ஏமாத்திடுமாம். அது பெட்ரோல் பத்தலைன்னு நெனச்சு அள்ளி ஊத்த வச்சு, புகை கூடிடுமாம்.

வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். ஆஹா! கத்தல் இல்ல, இரைச்சல் இல்ல. அடிவயித்துலேர்ந்து பேசுற மாதிரி ஒரு கனமான குரல். இவ்வளவு நாள் இந்த வண்டி வாயைப் பொத்திக்கிட்டுல்ல இருந்திருக்கு!

"சனிக்கிழமை டெஸ்ட். காலையிலேயே பெரிய ரோட்டுல ஒரு மணி நேரம் போயி, ஒரு மணி நேரம் திரும்பி வாங்க. உள்ள இருக்கிற அடைசலெல்லாம் எரிஞ்சு போகும். வழியில நிறுத்தினாலும் எஞ்சினை அணைக்காதீங்க. சூடு எறங்காம நேரா டெஸ்ட்டுக்கு வந்துடுங்க"ன்னார்.

ஒரு மணி நேரம். நான் வேற எங்க போவேன்?

சனிக்கிழமை இருக்கிறதுலயே நல்ல உடுப்பா எடுத்து, இஸ்திரி போட்டு உடுத்திக்கிட்டேன். டெஸ்ட்டுக்குப் போறவ எதுக்கு இப்படி அலங்காரம் பண்ணிக்கிறான்னு கண்ணாடியைப் பாத்து நானே கேட்டேன். மகன்கிட்ட வர்றேன்னு சொல்லல. திடுதிப்புன்னு போயி நின்னு அசத்தணும். "கீழ வந்து பாருடா, உன் வண்டி எப்படி உறுமுது"ன்னு ஒரு வார்த்தை. ஒரு வாய் காபி குடிச்சுட்டு ஓடி வந்துடலாம். டெஸ்ட்டுக்கு நேரம் இருக்கு.

வழியெல்லாம் வாயெல்லாம் பல்லா ஓட்டினேன். லாரிக்காரன் ஒருத்தன் ஹாரன் அடிச்சான், அவனுக்குக்கூடக் கோவப்படாம வழி விட்டேன்.

அவன் கட்டடத்துக்குப் பக்கவாட்டுல மரத்தடியில வண்டியை நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கல. அண்ணாந்து பாத்தா ரெண்டாவது மாடி பால்கனியில அவனே நிக்கிறான்! அரைக்கால் சட்டையோட, கொடியில இருந்து துண்டை எடுத்து மடிச்சுக்கிட்டு. தொப்பை இன்னும் கொஞ்சம் போட்டிருக்கு. எனக்குத் தலைகால் புரியல. ஃபோனைப் போட்டேன். அவன் பையிலேர்ந்து எடுத்துப் பாக்குறது, காதுல வைக்கிறது எல்லாம் எனக்குத் தெரியுது.

"சொல்லும்மா."

"டேய், இன்னைக்கு எனக்கு லீவு. வரட்டுமா?"

நாலு வருஷத்துல நான் இதைக் கேட்டதே இல்ல. துண்டு மடிக்கிற கை நின்னு போச்சு.

"இன்னைக்கா? அடடா, நாங்க ஊர்லயே இல்லம்மா. அவ அக்கா வீட்டுக்கு வந்திருக்கோம். நாளைக்கு நைட்டுதான் திரும்புவோம்."

மேல வாய் அசையுது. ஒரு நொடி கழிச்சு குரல் என் காதுல விழுது. மருமக உள்ளேர்ந்து வந்து, யாருன்னு கையாலேயே கேட்டா. அவன் ஃபோனைக் காதுல வச்சுக்கிட்டே, "அம்மா"ன்னு சத்தமில்லாம வாயசைச்சுக் காட்டினான். அவ தலையில கையை வச்சுக்கிட்டு உள்ள போயிட்டா.

"அப்படியா. சரிடா"ன்னேன். அதுக்கு மேல வண்டிதான் பேசிக்கிட்டு இருந்துச்சு.

"என்னம்மா, சரியா கேக்கல. இங்க கீழ எவனோ ஒருத்தன் வண்டியை உறும விட்டுக்கிட்டு நிக்கிறான். அறிவு கெட்டவன். இரு, கதவைச் சாத்துறேன்." குனிஞ்சுகூடப் பாக்கல. உள்ள போயி கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினான். "ஆங், இப்ப சொல்லு."

"ஒண்ணுமில்லடா. பத்திரமா போயிட்டு வாங்க."

வச்சுட்டேன். அறிவு கெட்டவனாம். உன் வண்டிடா அது, மடையா! நாலு வருஷமா நான்தான் போகலன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். நான்தான் பிகு பண்றேன், அவன்தான் ஏங்குறான்னு எனக்குள்ள ஒரு கெத்து. போகாம இருந்த வரைக்கும் அது நல்லாத்தான் இருந்துச்சு. கண்ணு நிறைஞ்சு போயி ரோடு தெரியல. ஆனா வண்டி சூடு எறங்கிடக் கூடாதே. துடைச்சுக்கிட்டு கெளம்பினேன்.

டெஸ்ட்ல பாஸ். அதே ஆளுதான். இந்தத் தடவை கம்ப்யூட்டரை விட்டு நிமிர்ந்து, "என்னம்மா பண்ணினீங்க? புகை இருக்கிற மாதிரியே காட்டல"ன்னான்.

மகனுக்கு "பாஸ்"னு ஒரு மெசேஜ் போட்டேன். உடனே பதில் வந்துச்சு. "சூப்பர்மா! இனிமே என்ன சாக்கு? ஒரு நாள் வண்டியை எடுத்துக்கிட்டு வந்துடு."

அதைப் படிச்சுட்டு நேரா சைலன்சர்காரர் கொட்டகைக்குப் போனேன். வேற யார்கிட்ட சொல்றது? டெஸ்ட் காகிதத்தை வாங்கிப் பாத்ததும் என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம்.

"மகன் வீட்டுக்குத்தானே போனீங்க? இருந்தாரா?"

"இருந்தான்."

"சத்தம் கேட்டு என்ன சொன்னார்?"

"கேட்டான். நல்லாவே கேட்டான்."

"பாத்தீங்களா!" அவர் முகமெல்லாம் சிரிப்பு. "மாசம் ஒரு தடவை இதே மாதிரி ஓட்டிடுங்கக்கா. இல்லேன்னா மறுபடி தண்ணி தங்கிடும்."

"எவ்வளவு தூரம் ஓட்டணும்?"

"அதான், மகன் வீடு வரைக்கும் போயிட்டுத் திரும்பினா போதும்."

"கீழ வரைக்கும் போனா போதும்ல தம்பி? மாடி ஏறணும்னு இல்லல்ல?"

அவர் கண்ணாடியை நெத்தியிலேர்ந்து கழட்டிட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். "வண்டி எங்கயாவது மாடி ஏறுமாக்கா!"

ஏறாதுன்னு நானும் சொன்னேன்.