அஞ்சம்மாளின் எலும்புகள்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ்ஸின் படியில் காலைத் தூக்கி வைக்க அஞ்சம்மாளால் முடியவில்லை. இடுப்பும் தொடையும் விண்விண் என்று தெறித்தன.

"ஏறும்மா ஜல்தி! படியிலியே குடும்பம் நடத்தப் போறியா?" என்று கண்டக்டர் கத்தினான். புருஷன் விருத்தாசலம் அவளை அக்குளில் பிடித்து, மூட்டையை ஏற்றுவதுபோல உள்ளே ஏற்றிவிட்டான். அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது.

பனமலையில் ஏரிப் பாசனத்தில் பயிர் வைக்கிற வீட்டில் பிறந்தவள் அவள். கல்யாணத்துக்கு முன்பு நாற்று நட்டிருக்கிறாள், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கியிருக்கிறாள், தலையில் தழைக்கட்டோடு வரப்பில் ஓடியிருக்கிறாள். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்த விருத்தாசலத்துக்கு வாழ்க்கைப்பட்டு எட்டு வருஷம் ஆகிறது. மாமியார் ராஜாமணிக்குத் தன் வீட்டுப் பெண்கள் வாசல்படி தாண்டுவதில்லை என்பதில் பெரிய பெருமை. மருமகள் வந்த அன்றே, "கறுத்துப் போயி வந்திருக்கிறா. நெழல்ல இருந்தா தெளிஞ்சிடுவா" என்று சொல்லிவிட்டாள். மழைக்கென்று முற்றத்தின் மேல் தகரம் போட்டிருந்தார்கள். அந்த வீட்டில் பகலிலும் விளக்கு எரியும்.

கல்யாணமான நாலாம் வருஷம் அஞ்சம்மாள் உண்டானாள். வலி கண்டதும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். குழந்தை வெளியே வர முடியாமல் சிக்கி, இறந்தே பிறந்தது. "வயித்துலியே புள்ளைய முழுங்கினவ" என்ற பேச்சு அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்குப் பிறகு, எப்போதாவது கோவிலுக்குப் போவதும் நின்றது. பிறகு ஒரு வலி வந்தது. முதலில் முதுகில், அப்புறம் இடுப்பில், தொடையில். தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும். வாத்துபோல ஆடி ஆடி நடந்தாள்.

இப்போது டாக்டரிடம் போவதும் அந்த வலிக்காக இல்லை. "இவளுக்குப் புள்ள நிக்குமா, நிக்காதா? அத்தக் கேட்டுகினு வா. நிக்காதுன்னா வளவனூர்ல ஒரு பொண்ணு இருக்குது" என்று மகனிடம் ராஜாமணி சொல்லி அனுப்பியிருந்தாள். அஞ்சம்மாளை எதிரில் நிற்க வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

விழுப்புரத்தில் டாக்டர் அமல்ராணி, அஞ்சம்மாளை ஸ்டூலிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பைக் கட்டைவிரலால் அழுத்தினார். அஞ்சம்மாள் துடித்துப்போனாள். எக்ஸ்ரே எடுத்து, ரத்தம் பரிசோதித்து, சாயங்காலம் இருவரையும் கூப்பிட்டார்.

"நீ வெயில்ல இருந்து எத்தனை நாளாச்சும்மா?"

கேள்வியே அஞ்சம்மாளுக்குப் புரியவில்லை. "வெயிலா? நான் வெளியவே வர்றதில்லீங்களே."

"அதான் பார்த்தேன். வெயில் தோல்ல பட்டாத்தான் உடம்பு வைட்டமின் டி உண்டாக்கும். அது இல்லன்னா நீ என்ன சாப்பிட்டாலும் சுண்ணாம்புச் சத்து எலும்புல சேராது. எலும்பு மெத்துனு ஆயிடும். உனக்கு இடுப்பெலும்பு அமுங்கி, பிள்ளை வர்ற வழி குறுகிப் போயிருக்கு."

"அப்ப என் கொழந்த..."

"வழி இல்லாமத்தான் செத்திருக்கும். அன்னிக்கே ஆபரேஷன் பண்ணியிருந்தா பொழைச்சிருக்கலாம். உன் தப்பு இதுல ஒண்ணுமில்ல."

அஞ்சம்மாளுக்கு அழுகை வரும் என்று நினைத்து டாக்டர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். அழுகை வரவில்லை. நாலு வருஷமாக அந்த வீட்டில் தலை குனிந்து நின்றதெல்லாம் நினைவுக்கு வந்து, காது மடல் சுட்டது.

விருத்தாசலம் தொண்டையைச் செருமினான். "இனிமே கொழந்த பொறக்குமாங்க, டாக்டரம்மா?"

"அதுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஊசியும் மாத்திரையும் தர்றேன், பால் முட்டை கொடுங்க, தினம் வெயில்ல உட்கார வைங்க. எலும்பு கெட்டிப்படும், வலி போகும். கர்ப்பமானா இங்கே கூட்டிட்டு வாங்க, ஆபரேஷன்தான்."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் ராஜாமணி சிரித்தாள். "மாத்திரைய முழுங்கட்டும். வெயில்ல குந்த வெக்கிறதா? மண்டிக்காரன் பொண்டாட்டி கூலிக்காரி மாதிரியா?"

விருத்தாசலம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

மறுநாள் காலை வெயில் ஏறியதும் அஞ்சம்மாள் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டாள். மாடிப்படி ஏற அவளுக்குத் தெம்பில்லை. வெயில் விழுகிற வேறு இடம் வீட்டை ஒட்டியிருந்த மண்டியின் களம்தான். மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது, லாரி நின்றது, வியாபாரிகள் நின்றார்கள். ஆடி ஆடி நடந்து நடுக்களத்துக்குப் போய் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். முக்காட்டை விலக்கினாள், ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டாள். வெயில் தோளில் இறங்கியது. ஏரிக்கரையில் குளித்துவிட்டு நிற்பதுபோல இருந்தது.

மல்லாட்டையைக் கிளறிக்கொண்டிருந்த கூலியாள் சின்னபொண்ணு வாயைப் பிளந்தாள். "நாங்க நெழலு எங்கன்னு தேடிகினு கீறோம். நீ வெயிலத் தேடிகினு வந்து குந்திக்கிறியேம்மா!"

"எனக்குக் கொஞ்சம் தள்ளிக் குடுத்துட்டு நீ நெழலுக்குப் போ" என்றாள் அஞ்சம்மாள். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

செய்தி கேட்டு ராஜாமணி ஓடி வந்தாள். அவளே களத்துக்கு வந்து வருஷக்கணக்காகியிருந்தது. "எழுந்திரிடி! ஆம்பளைங்க பாக்கறாங்க!"

"பாக்கட்டும் அத்தை."

வியாபாரிகள் திரும்பிப் பார்த்தார்கள். ராஜாமணி குரலைத் தணித்துக்கொண்டாள். "சரி, குந்து. தீவாளி வரைக்கும் டைம் தர்றேன். அதுக்குள்ள புள்ள உண்டாவலன்னா வளவனூர்ப் பொண்ணுதான்."

"புள்ளைக்காக நான் குந்தல அத்தை. என் எலும்புக்காகக் குந்திகினு இருக்கறேன். புள்ள வந்தாலும் குந்துவேன், வராட்டியும் குந்துவேன்."

தினமும் உட்கார்ந்தாள். மழை நாளில் தாழ்வாரத்தில் நின்று வானத்தைத் திட்டினாள். சித்திரைக்குள் ராத்திரித் தூக்கம் திரும்பியது. ஆடியில் சுவரைப் பிடிக்காமல் எழுந்தாள். சின்னபொண்ணோடு சேர்ந்து மல்லாட்டை கிளறினாள். கறுத்தும் போனாள்.

தீபாவளி கழிந்ததும் வளவனூரிலிருந்து பெண்ணின் தாய் கெங்கம்மாள் வீடு பார்க்க வந்தாள். ராஜாமணி காப்பி போட உள்ளே போனாள். அஞ்சம்மாள் களத்திலிருந்து நேரே கூடத்துக்கு வந்து கெங்கம்மாள் எதிரில் உட்கார்ந்தாள்.

"நான்தாங்க மூத்தவ. பொண்ணு குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். ஆனா முத்தத்துக்கு மேல பாருங்க, தகரம். எட்டு வருசம் இதுக்குக் கீழ இருந்தேன். எலும்பு குழைஞ்சி, வழி இல்லாம என் புள்ள செத்துச்சு. உங்க பொண்ணும் இங்கதான் இருக்கணும். அத்தத் தெரிஞ்சிகினு குடுங்க."

கெங்கம்மாள் அண்ணாந்து பார்த்தாள். காப்பி வருவதற்குள் கிளம்பிப் போய்விட்டாள்.

ராஜாமணி ஆடித் தீர்த்தாள். "குடும்ப மானத்தையே தெருவுல போட்டுட்டா! இவளை இன்னிக்கே பனமலைக்கு அனுப்புடா!"

"அவ சொன்னதுல இன்னாம்மா பொய்யி?" என்றான் விருத்தாசலம். அம்மாவை எதிர்த்து அவன் பேசிய முதல் வார்த்தை அது. அஞ்சம்மாள் அவனை நன்றியோடு பார்க்கவில்லை. இத்தனை வருஷம் எங்கே போயிருந்தாய் என்றுதான் பார்த்தாள். அவனுக்கும் அது புரிந்தது.

அதற்கு அடுத்த வருஷம் அவள் உண்டானாள். வெயிலால்தான் உண்டானதா என்று டாக்டர் அமல்ராணியிடம் கேட்டாள். "அதைச் சொல்ல எனக்குத் தெரியலம்மா. ஆனா இந்த உடம்பு இப்ப ஒரு பிள்ளையைத் தாங்கும்" என்றார் அவர். மாசம் நெருங்கியதும், வயிற்றைக் கிழிக்கிறதாவது என்று ராஜாமணி முனகுவதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், துணிமணியை எடுத்துக்கொண்டு விழுப்புரத்துக்குக் கிளம்பிவிட்டாள். ஆபரேஷனில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல்.

பார்க்க உறவுக்காரர்கள் வந்தார்கள். ராஜாமணி கட்டிலோரம் உட்கார்ந்து பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, "நான்தான் இவளைத் தெனம் களத்துல குந்த வெச்சேன். வெயில்லதான் சத்து இருக்குது!" என்று அளந்துகொண்டிருந்தாள்.

தையல் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு அஞ்சம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பொய் சொல்லாதீங்க அத்தை" என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி. "கொழந்தய இப்டிக் குடுங்க, பசிக்கிது அதுக்கு."

ராஜாமணி வாயை மூடிக்கொண்டு குழந்தையைக் கொடுத்தாள்.