ஒன்றரை இடம் தள்ளி

என் அம்மா கோமளம் மயிலாப்பூரில் பாட்டு டீச்சர். அவளிடம் கற்றுக்கொள்ள முடியாமல் ஓடிப்போனவர்கள் பல பேர். ஓட வழியில்லாமல் மாட்டிக்கொண்டவள் நான் ஒருத்திதான். டீச்சரும் நானும் ஒரே வீட்டில் அல்லவா இருந்தோம்.

பாட்டு ஏதோ வந்தது. எடுப்புதான் வரவில்லை. தாளம் தொடங்குகிற இடத்திலேயே எல்லாப் பாட்டும் தொடங்கிவிடாது. சிலது அரை இடம் தள்ளி, சிலது ஒன்றரை இடம் தள்ளித் தொடங்கும். சரியாக அந்த இடத்தில் வாயைத் திறக்க வேண்டும், அதற்குப் பெயர்தான் எடுப்பு. நான் ஒன்று முந்துவேன், இல்லை பிந்துவேன். அம்மா என் தொடையில்தான் தாளம் போடுவாள். நான் தப்பத் தப்ப, தாளம் அடியாகிவிடும். பிரசவக் கதையில் தொடைக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள், வருகிறேன்.

ஏழாம் மாதத்தில், டூலா வைத்துக்கொள்ளப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். துலா மாசமான ஐப்பசி பிறக்கவே இன்னும் நாள் இருக்கிறதே, வயிற்றைத் தள்ளிக்கொண்டு காவேரி ஸ்நானம் எதற்கு என்று கேட்டாள். ஸ்நானம் இல்லை அம்மா, டூலா என்றால் பிரசவத்தின்போது கூடவே இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு தைரியம் சொல்கிற பெண் என்று விளக்கினேன். டாக்டரா என்றாள். இல்லை. நர்ஸா? அதுவும் இல்லை.

"அப்ப நான் எதுக்குடி இருக்கேன்?" என்றாள்.

நீ வந்தால் நான் கத்துவதில் சுருதி பார்ப்பாய் என்பதுதான் பதில். சொல்லத் தைரியம் வரவில்லை.

சொல்லவும் தேவைப்படவில்லை. என் டூலா நஸ்ருன்னிசா அசோக் நகரிலிருந்து வருவாள். முன்பு ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். ஆக இருந்தவள், எத்தனை பெரிய அழுகையையும் முகம் மாறாமல் கேட்பாள். வலி வரும்போது அடித்தொண்டையில் 'ஊ' என்று சத்தம் கொடுத்தால் உடம்பு தளரும் என்று சொல்லி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழக்கினாள். இருவரும் ஊ என்றோம். இரண்டாவது ஊவிலேயே கதவு திறந்தது. அம்மா கையில் சுருதிப்பெட்டியோடு நின்றாள்.

"ஊன்னு சொல்றதுன்னு ஆயாச்சு. அதைக் கீழ் பஞ்சமத்துல சொன்னா என்ன கேடு?"

அதற்கப்புறம் நஸ்ருன் வருகிற நாளெல்லாம் எனக்கு அரை மணி மூச்சுப்பயிற்சி, அவளுக்கு ஒரு மணி தாளப்பயிற்சி. நஸ்ருன் சிரித்துக்கொண்டே விரலை மடக்கி எண்ணினாள். ஒரு மாதத்தில் ஒன்றரை இடம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. "இவளுக்கு லயம் ரத்தத்துலயே இருக்குடி" என்று அம்மா என்னிடமே சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. அதை நெஞ்செரிச்சல் என்று சொல்லி ஜெலுசில் குடித்தேன்.

அடையாறு ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் ஒரே ஒருவரைத்தான் துணைக்கு விடுவார்கள். முதலில் போனது என் கணவன் ஷ்ரவண். வலியை அனுபவித்தே பெறுவேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த நான், வலி கொஞ்சம் முற்றியதுமே, அதை மரத்துப்போகச் செய்ய முதுகில் போடுகிற ஊசியைக் கேட்டேன். ஊசி எனக்குத்தான் போட்டார்கள், மயக்கம் ஷ்ரவணுக்கு வந்தது. அவனை நாற்காலியோடு வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள்.

காலி இடத்துக்கு அம்மா தயாராக நின்றாளாம். நான் நஸ்ருனை அனுப்பச் சொன்னேன். அம்மா ஷ்ரவணின் போனைப் பிடுங்கி என்னிடம் பேசினாள்.

"வலிதான் இல்லையே, அவளை ஆத்துக்கு அனுப்பு. பாட்டே இல்லை, பக்கவாத்தியம் எதுக்கு?"

ஊசி கேட்டதில் எனக்கும் கூச்சம் இருந்தது. நஸ்ருன் உள்ளே வந்ததும், ஊசி போட்டுக்கொண்டுவிட்டேன், உங்களுக்கு வருத்தமா என்று கேட்டேன். அவள் தலையணையைச் சரி செய்தாள்.

"ஊசி முதுகுக்கு, ஜானு. நான் உங்களுக்கு" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் முகம் மாறாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள், உதட்டுக்கு ஐஸ் கொடுத்தாள், டாக்டர் சொன்னதையெல்லாம் எனக்குப் புரியும்வரை திரும்பக் கேட்க வைத்தாள். மத்தியானம்வரை சொர்க்கமாகப் போயிற்று.

முக்க வேண்டிய நேரத்தில்தான் மானம் போனது. ஊசியின் புண்ணியத்தில் இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வலி எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று மெஷின்தான் சொல்ல வேண்டும். முக்கு என்று அவர்கள் சொல்லி, நான் மூச்சை இழுத்து முக்குவதற்குள் வலி போய்விடும். அடுத்த முறை நான் முந்திக்கொள்வேன்.

"வலி வர சொல்லோ கம்முனு கீது, போனப்புறம் முக்கிக்கினு கீது" என்று ஆயா கெங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் குழந்தையின் துடிப்பைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் முயற்சி செய்யலாம், வரவில்லையென்றால் தலையில் வேக்யூம் வைத்து இழுத்துவிடலாம் என்றார். அதுவும் சாதாரணம்தான் என்றார். அவருக்குச் சாதாரணம். எனக்குப் பயத்தில் பல் கிட்டியது. இத்தனை வருடம் பாட்டில் தப்பியது போதாதென்று, என் குழந்தை விஷயத்திலும் எடுப்பு தப்புகிறதே. "எனக்கு வராது, நஸ்ருன். எனக்கு எப்பவுமே வராது" என்றேன்.

நஸ்ருன் இடது கையை என் வயிற்றின்மேல் வைத்தாள். வலது கையால் என் தொடையில் தாளம் போட ஆரம்பித்தாள். கை விழுவது கண்ணுக்குத் தெரிந்தது, தொடைக்குத் தெரியவில்லை. எதுவுமே தெரியவில்லை என்றேன்.

"ஸாரி, ஆன்ட்டி பழக்கிவிட்டது" என்று கையைத் தோளுக்கு மாற்றினாள். "வயிறு இறுகுதே, அதான் சமம், தாளம் தொடங்குற இடம். ஒண்ணுல மூச்சு. ஒன்றரைல எடுங்க."

முதல் தடவை தப்பியது. அவள் தாளத்தை நிறுத்தவில்லை. தோளில் அவள் கை இலேசாக விழுந்துகொண்டே இருந்தது. அடுத்த தடவை வயிறு இறுகியபோது தட்டு விழுந்தது, மூச்சை இழுத்தேன், ஒன்றரையில் எடுத்தேன்.

"அக்காங். இப்ப வந்துச்சு பாரு" என்றாள் கெங்கம்மா.

ஊசி போட்ட டாக்டர் சுப்புராயன் மெஷினிலிருந்து தலையைத் தூக்கி, மிஸ்ர சாபு தாளத்தில் போட்டால் இன்னும் சௌகரியமாக இருக்குமே என்று அபிப்பிராயம் சொன்னார். மயிலாப்பூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். நஸ்ருன் பழைய ஹெச்.ஆர். பார்வை ஒன்று பார்த்தாள். அவர் மறுபடி மெஷினைப் பார்த்தார். இன்னொரு ஆவர்த்தனம், இன்னொன்று. பிரசவம் பார்த்த பெரிய டாக்டரின் காலும் தாளம் போட்டதை நான் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. வேக்யூம் உறையிலேயே இருக்க, என் பெண் வழுக்கிக்கொண்டு வந்து வீறிட்டாள்.

அறைக்கு மாற்றியதும் அம்மா வந்தாள். குழந்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டு நஸ்ருனிடம் போய், உள்ளே என்ன நடந்தது என்று விசாரித்தாள். நஸ்ருன் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"ஒன்றரை இடமா? இவளா?" என்று என் பக்கம் திரும்பினாள் அம்மா. "அத்தனை வருஷம் உயிரைக் கொடுத்துச் சொல்லித்தந்தேனே. அப்ப ஏண்டி வரலை?"

களைப்பில் எனக்குப் பயம் விட்டுப்போயிருந்தது.

"நீ போட்டா வலிக்கும்மா" என்றேன்.

ஷ்ரவண் பாவம், காப்பி வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனான். நஸ்ருன் துண்டை மடித்தாள், பிரித்து மறுபடி மடித்தாள். சொன்னது எனக்கே ஒரு மாதிரி இருந்தது, ஆனாலும் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். துணி விலகிய அந்தச் சின்னத் தொடையின்மேல் அவள் கை போயிற்று. நான் பதறி, அம்மா என்றேன்.

"தட்டலைடி" என்றாள், நிமிராமலே. "தடவிண்டிருக்கேன்."