மைக் முன்னால் மரியாதை

வானொலி நிலையத்தில் ‘வட்டாரக் குரல்’ நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் அந்த மாதம் படாதபாடு பட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. பேசுகிறவர்கள் பாடம் ஒப்பிக்கிறார்களாம், மண்வாசனையே இல்லையாம். இப்படியே போனால் அந்த அரைமணி நேரத்துக்குத் தலைமை நிலையமே பாட்டுப் போட்டுக்கொள்ளுமாம். மாடியை விட்டு இறங்காதவர்களுக்குத்தான் மண்வாசனை அதிகம் தேவைப்படுகிறது. தயாரிப்பாளருக்கோ அது பதினோரு வருடம் பெற்ற பிள்ளையாய் வளர்த்த நிகழ்ச்சி.

அந்த நேரம் பார்த்து ஒரு கிணறு வெட்டுகிறவர் வாய்த்தார். வராந்தாவில் நிலைய டிரைவரோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த மனிதர், மைக்கைக் கண்டதும் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, “அன்பார்ந்த நேயர்களே, நிலத்தடி நீரானது...” என்று ஆரம்பித்துவிட்டார். மூன்று முறை எடுத்தும் அதே கதைதான்.

அவர் கிளம்பிப் போனதும் டிரைவர் வந்தார். “விடுங்கம்மா, அவரு வராந்தாவுல பேசினது அத்தனையும் எனக்கு மனப்பாடம்” என்று மைக் முன்னால் உட்கார்ந்து வெளுத்து வாங்கினார். கிணறு வெட்டுகிறவரின் பெயரில் டிரைவரின் குரல் ஒலிபரப்பானது.

மறுநாளே தலைமை அதிகாரி போனில் உருகினார். “இதுதாம்மா அசல் குரல்! இனி உங்க நிகழ்ச்சிய யாரும் தொட முடியாது.” தயாரிப்பாளருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

அதற்கடுத்த நாள் கிணறு வெட்டுகிறவர் வந்து நின்றார். சத்தம் போடுவார் என்று நினைத்தால், தணிந்த குரலில்தான் பேசினார்.

“சொந்தக்காரங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சிருந்தேன்மா. என் பேரு வந்துச்சு. அப்புறம் யாரோ பேசினாங்க. மாப்பிள்ளை சிரிச்சுட்டாரு.”

“நீங்க மைக் முன்னால கொஞ்சம் விறைப்பா...”

“நாலு நாள் எழுதிவச்சுப் பழகிட்டு வந்தேன். அத்தனை பேரு கேக்குற இடமாச்சே! நாங்க மரியாதையாப் பேசினா அது எங்க குரல் இல்லையா?”

தயாரிப்பாளருக்கு முகம் செத்துப்போயிற்று. ‘இயல்பாப் பேசுங்க’ என்று இதுவரை எத்தனை பேரை விரட்டியிருப்போம் என்று எண்ணியதும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்த வாரம், முந்தைய நிகழ்ச்சியில் பேசியது எங்கள் டிரைவர் என்று தயாரிப்பாளரே மைக்கில் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பிறகு கிணறு வெட்டுகிறவரின் பதிவை ஒரு சொல் வெட்டாமல் ஓடவிட்டார். பாதியிலேயே போன் அலறியது.

“என்னம்மா இது, சொற்பொழிவா? நிகழ்ச்சி போயிடும், தெரியுமில்ல?”

“தெரியும் சார். இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. கேட்டுட்டுத் திட்டுங்க” என்று ரிசீவரை ஒலிபெருக்கி முன்னால் வைத்தார்.